கொழும்பில் ஒரு மென்பொருள் ஆய்விதழ் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகத் துறையிலோ தொழில்சார் சங்கத்திலோ மென்பொருளுக்கென ஆய்விதழ் தொடங்க நினைப்பவர்களும், தொடங்கிவிட்டுச் சமர்ப்பிப்புகள் தேங்கி நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சிறிய இதழை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்: வருடத்துக்குப் பத்து முதல் நாற்பது சமர்ப்பிப்பு, சம்பளமில்லாத நான்கைந்து பதிப்பாசிரியர்கள், பல்கலைக்கழகத்தில் ஒரு சேர்வர்.

எதை மதிப்பாய்வு செய்கிறோம், கட்டுரையையா மென்பொருளையா?

மென்பொருளை. இதில் தெளிவில்லாமல் தொடங்கும் இதழ் சீக்கிரமே சாதாரணக் கணினியியல் இதழாகிவிடும். மதிப்பாய்வாளர் பிடிஎஃப்பைப் படிப்பார், "அறிமுகப் பகுதி போதாது" என்று எழுதுவார், நிறுவிப் பார்த்திருக்க மாட்டார்.

உலகில் இரண்டு வழக்கம் உண்டு. 1996 இல் தொடங்கிய ஜர்னல் ஒஃப் ஸ்டடிஸ்டிக்கல் சொஃப்ட்வெயார் முழுநீளக் கட்டுரையையும் அதோடு நிரலையும் கேட்கிறது. 2016 இல் தொடங்கிய ஜர்னல் ஒஃப் ஓப்பன் சோர்ஸ் சொஃப்ட்வெயார், சுருக்கமாக ஜோஸ், குறுங்கட்டுரையோடு நிறுத்திக்கொள்கிறது. பாரம் முழுவதும் நிரல், ஆவணம், சோதனைகள் மீது விழுகிறது. ஆட்பலம் குறைந்த இதழுக்கு இரண்டாவதே ஏற்றது. நீண்ட கட்டுரை வந்தால் மொழித் திருத்தம், வடிவமைப்பு என்று பாதி வேலை அதிலேயே போய்விடும்.

ஓஜேஎஸ் வேண்டுமா, கிட்ஹப்பிலேயே நடத்தலாமா?

ஓஜேஎஸ் என்பது இதழ் நடத்துவதற்கான மென்பொருள், கிட்ஹப் நிரலைப் பகிரும் தளம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. சமர்ப்பிப்பும் வெளியீடும் ஓஜேஎஸ்ஸில், மதிப்பாய்வு உரையாடல் கிட்ஹப் இஷ்யூவில், அதாவது அங்குள்ள கலந்துரையாடல் பக்கத்தில். ஆனால் தீர்மானம் ஒரே இடத்தில்தான் பதியப்பட வேண்டும். ஓஜேஎஸ்ஸில் "திருத்தம் தேவை" என்று நிற்க, கிட்ஹப்பில் யாரோ "ஏற்கப்பட்டது" என்று எழுதிவிட்டால் எழுதியவரோடு பிறகு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

ஓஜேஎஸ் இலவசம். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்ட பிகேபி என்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. நிறுவுவது அரை நாள் வேலை. சிக்கல் பிறகுதான் வரும், அதுவும் பெரும்பாலும் இந்த நான்கு இடங்களில்:

சமர்ப்பிப்புக் கோப்புகளுக்கான அடைவு இணையத்தில் தெரியும் அடைவுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் மதிப்பாய்வு முடியாத கையெழுத்துப் படிகள் கூகுளில் வரும்.

ஓஜேஎஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழி இயல்பாக 2 எம்பிக்கு மேல் பதிவேற்ற விடாது. 3 எம்பி கோப்போடு வருபவருக்குக் காரணம் புரியாத ஒரு பிழைச்செய்திதான் தெரியும். கோப்பின் உச்ச அளவு, ஒரு தடவையில் அனுப்பும் போஸ்ட்டின் மொத்த உச்ச அளவு என்று இரண்டு அமைப்பு உண்டு. இரண்டையும் உயர்த்துங்கள், எது சிறியதோ அதுவே வரம்பாகிவிடும்.

மின்னஞ்சல். பதிப்பாசிரியரின் ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு உங்கள் சேர்வர் அனுப்பும் கடிதம், அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் சோதனையில் தோற்று ஸ்பாமில் விழும், அல்லது சேராமலே போகும். "அழைப்பே வரவில்லை" என்று மதிப்பாய்வாளர் சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அனுப்புநர் எப்போதும் இதழின் சொந்த முகவரியாக இருக்கட்டும், பதில் முகவரியில் மட்டும் பதிப்பாசிரியர் இருக்கட்டும். டொமைனுக்கு, கடிதம் உண்மையில் உங்களுடையதே என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைப் பல்கலைக்கழகக் கணினி நிலையத்திடம் கேட்டுப் போட வையுங்கள்.

நினைவூட்டல். சேர்வரில் கால அட்டவணைப் பணி ஓடாவிட்டால் நினைவூட்டல் கடிதம் ஒன்றும் போகாது. அமைப்புப் பக்கத்தில் எல்லாம் சரியாக டிக் போட்டிருக்கும், கடிதம் மட்டும் போயிருக்காது.

ஜோஸ் பயன்படுத்தும் எடிட்டோரியல்பொட் போன்ற தானியங்கி வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வருடத்துக்கு நாற்பது கட்டுரைக்கு வேண்டாம். சரிபார்ப்புப் பட்டியல் அடங்கிய ஓர் இஷ்யூ வார்ப்புரு போதும். பொட் ஒன்றைப் பராமரிப்பதே தனி வேலை.

இதழுக்கான ஐஎஸ்எஸ்என் எண்ணை எங்கே எடுப்பது?

கொழும்பு 7, மெயிட்லண்ட் பிளேஸில் உள்ள தேசிய விஞ்ஞான மன்றத்தின் நூலகத்தில். சுதந்திரச் சதுக்கப் பக்கமுள்ள தேசிய நூலகத்துக்குப் போய் நிற்பவர்கள் பலர். அங்கே கொடுப்பது புத்தகங்களுக்கான ஐஎஸ்பிஎன். அச்சிலும் வருமென்றால் அச்சுக்கும் இணையத்துக்கும் தனித்தனி எண் வேண்டும்.

டிஓஐக்கு என்ன செலவு?

டிஓஐ என்பது கட்டுரைக்கான நிலையான அடையாள எண். அதைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பில் வழக்கமாக உறுப்புரிமைக்கு வருடச் சந்தா, அதற்குமேல் ஒவ்வொரு புதிய கட்டுரைக்கும் 1 அமெரிக்க டொலர். தொகை பெரிதல்ல. வெளிநாட்டு நாணயத்தில் கட்டுவதற்குப் பல்கலைக்கழக நிதிப் பிரிவின் அனுமதி கிடைக்க எடுக்கும் காலம்தான் பெரிது. முதல் இதழ் வெளிவரும் நாளுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே கோப்பைத் தொடக்கிவிடுங்கள்.

டிஓஐ எண்ணின் பின்பகுதியில் துறையின் பெயரையோ தொகுதி, பக்க எண்களையோ திணிக்காதீர்கள். துறையின் பெயர் மாறும், இதழ் வேறு பீடத்துக்குப் போகும், டிஓஐ மாறாது. வெறும் வரிசை எண் போதும். இணையத்தளத்தின் முகவரி மாறினால் அன்றே கிராஸ்ரெஃப்பில் இணைப்பைப் புதுப்பிக்க வேண்டும். சேர்வரை மாற்றிவிட்டு இதை மறந்த இதழ்களின் டிஓஐகள் வெற்றுப் பக்கத்தில் போய் முட்டுகின்றன.

சமர்ப்பிப்பு வந்ததும் பதிப்பாசிரியர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மதிப்பாய்வாளரைத் தேடுவதற்கு முன், அரை மணி நேரத்துக்குள் முடிகிற ஒரு சோதனை. அதற்கென்று சுத்தமான கணினியோ மெய்நிகர் இயந்திரமோ வைத்திருங்கள். நீங்கள் தினமும் வேலை செய்யும் மடிக்கணினியில் தேவையான நூலகங்கள் ஏற்கெனவே இருக்கும், குறை தெரியாது.

நிரல் வைத்திருக்கும் களஞ்சியத்தைப் புகுபதிகை இல்லாமல் திறந்து பாருங்கள். உரிமக் கோப்பு உண்டா, அதில் உரிமத்தின் முழு உரையும் உண்டா என்று பாருங்கள். "இலவசமாகப் பயன்படுத்தலாம்" என்று ரீட்மி என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வரி இருப்பது உரிமமாகாது. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் திறந்த மூல உரிமமல்ல. திறந்த மூல உரிமங்களை அங்கீகரிக்கும் ஓஎஸ்ஐ அமைப்பு ஏற்ற பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தாராளமான எம்ஐடி உரிமம் போட்ட களஞ்சியத்துக்குள், அதே உரிமத்தைத் தொடரக் கோரும் ஜிபிஎல் நிரலை அப்படியே பிரதிபண்ணி வைத்திருப்பதும் அடிக்கடி வரும். "மூன்றாம் தரப்பு" என்ற பெயரில் அடைவு இருந்தால் திறந்து பார்க்காமல் விடாதீர்கள்.

பிறகு ரீட்மியில் உள்ள நிறுவல் கட்டளைகளை ஒன்றுவிடாமல் அப்படியே பிரதிபண்ணி ஓட்டுங்கள், உங்கள் புத்தியைச் சேர்க்க வேண்டாம். கட்டளை தவறினால் அதைத் திருத்தி ஓட்டிப் பார்க்கும் கை எல்லோருக்கும் உண்டு. அந்தத் திருத்தம்தான் ஆவணத்தில் விடுபட்டது. குறித்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள்.

உரிமை யாருடையது என்று இதழ் பார்க்க வேண்டுமா?

தீர்ப்புச் சொல்ல வேண்டாம், கேள்வி கேட்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் ஆக்கிய படைப்பின் பொருளாதார உரிமைகள், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், தொழில்தருநருக்கே உரியவை. கொழும்பின் மென்பொருள் நிறுவனமொன்றில் பகலில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் முதுமாணி ஆய்வுக்காக எழுதிய நிரல் எந்தப் பக்கம் வரும் என்பது அவருடைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இறுதியாண்டு மாணவர் ஊழியரல்ல. செயற்றிட்ட நிரலை மேற்பார்வையாளர் தனியாகச் சமர்ப்பித்தால் குழுவிலிருந்த ஒவ்வொரு மாணவரின் எழுத்துச் சம்மதத்தையும் கேளுங்கள். "உரிமம் இட எனக்கு அதிகாரம் உண்டு" என்ற ஒரு பெட்டியைச் சமர்ப்பிப்புப் படிவத்தில் கட்டாயமாக்கினால் பாதிப் பிரச்சினை வாசலிலேயே தீரும்.

எவ்வளவு பெரிய மென்பொருளை ஏற்கலாம்?

வரி எண்ணிக்கை ஒரு எச்சரிக்கை மணி, அளவுகோல் அல்ல. ஜோஸ் நீண்ட காலம் 1000 வரிக்குக் குறைந்தவற்றைத் தனியாகப் பரிசீலித்தது, 300 வரிக்கும் குறைந்தவற்றைத் திருப்பி அனுப்பியது. அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாறலாம். நிரலும் வெளியீடும் ஒரே கோப்பில் இருக்கும் ஜூபிட்டர் நோட்புக்கில் வெளியீடுகள் சேர்ந்தே ஆயிரக்கணக்கான வரி காட்டலாம், அதில் நிரல் நாற்பது வரிகூட இராது. வேறொருவர் இதை நாளைக்குத் தன் ஆய்வில் பயன்படுத்துவாரா, பயன்படுத்தினால் மேற்கோள் காட்ட வேண்டுமா என்ற இரண்டு கேள்வியும் வரி எண்ணிக்கையைவிட நன்றாகத் தரம் பிரிக்கும். நிரல் மாற்றங்களைப் பதியும் கொமிட் வரலாற்றையும் பாருங்கள். முழு நிரலும் ஒரே நாளில் ஒரே கொமிட்டாக வந்திருந்தால், வேறிடத்தில் வளர்ந்து இங்கே கொட்டப்பட்டதா, செயற்கை நுண்ணறிவுக் கருவியில் பெருமளவு உருவானதா என்று நேரடியாகக் கேளுங்கள். இரண்டாவது என்றால் எந்தப் பகுதி, யார் சரிபார்த்தார் என்பது கட்டுரையிலேயே எழுதப்பட வேண்டும்.

மதிப்பாய்வாளர் கிடைப்பதில்லை. என்ன செய்வது?

இதழ்கள் சாகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இலங்கையின் கணினியியல் வட்டம் சிறியது. கொழும்பு, மொறட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணம் என்று எண்ணினால், ஒருவருக்கொருவர் மாணவராக, மேற்பார்வையாளராக, மாநாட்டுக் குழுவினராக எப்படியோ தொடர்பு இருக்கும். ஒரே நிறுவனம், கடந்த 4 வருடத்தில் சேர்ந்து எழுதிய கட்டுரை, மேற்பார்வை உறவு, குடும்ப உறவு ஆகிய நான்கையும் தடையாக வைத்துக்கொண்டு, மற்றதைப் பகிரங்கமாக அறிவித்தால் போதும் என்று விடுங்கள். எல்லாப் பரிச்சயத்தையும் தடையாக்கினால் ஆளே மிஞ்சாது.

பேராசிரியர்களை முதலில் கேட்பதை நிறுத்துங்கள். நிறுவி, ஓட்டி, பிழையைப் படித்துச் சொல்லும் வேலைக்கு ஆராய்ச்சி மாணவரும் தொழிற்றுறைப் பொறியியலாளரும்தான் பொருத்தம். அந்த மென்பொருள் சார்ந்திருக்கும் நூலகங்களின் இஷ்யூக்களில் பதில் எழுதுபவர்கள், அதேபோன்ற கருவியை உருவாக்கியவர்கள் நல்ல தெரிவு. எழுதியவரிடமும் ஐந்து பெயர் கேளுங்கள். ஆனால் இரண்டு மதிப்பாய்வாளரில் ஒருவராவது அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கட்டும். எழுதியவர் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை அப்படியே பயன்படுத்தாமல் நிறுவனப் பக்கத்தில் ஒப்பிடுங்கள். போலி முகவரி கொடுத்துத் தன் கட்டுரைக்குத் தானே மதிப்பாய்வு எழுதியவர்களைப் பெரிய பதிப்பகங்களே கண்டுபிடித்திருக்கின்றன.

அழைப்புக் கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும்: மென்பொருளின் பெயர், ஒரு வரி விளக்கம், களஞ்சிய இணைப்பு, மொழி, எவ்வளவு நேரம் எடுக்கும், எப்போதைக்குள் வேண்டும். "தங்களின் மேலான நிபுணத்துவத்தை" என்று தொடங்கும் கடிதத்தைப் பலர் இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை. ஐந்து வேலைநாளில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல், மேலும் மூன்று நாளில் அடுத்தவர். ஒருவரின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது மரியாதை அல்ல, கட்டுரையாளருக்குச் செய்யும் அநியாயம்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய இரண்டு வாரம், வெசாக் வாரம், உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் காலம் ஆகியவற்றில் அழைப்பு அனுப்பினால் பதில் வராது. காலக்கெடு போயா தினத்தில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பாய்வாளர் எதை எதைச் செய்து பார்க்க வேண்டும்?

பட்டியல் கொடுங்கள், ஆனால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "ஆவணம் நன்றாக உள்ளதா" என்பதற்கு எல்லோரும் ஆம் என்பார்கள். "ஆவணத்தில் உள்ள முதல் எடுத்துக்காட்டை ஓட்டியபோது அங்கே காட்டிய வெளியீடே வந்ததா" என்று கேட்டால் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். நிறுவல், முக்கியச் செயற்பாடு, தானியங்கிச் சோதனைகள், பங்களிப்பு வழிகாட்டி, உரிமம், கட்டுரையில் ஒப்பீட்டுக் கருவிகள் பற்றிய பத்தி, மேற்கோள்களின் டிஓஐ: இவ்வளவு போதும். செயல்திறன் பற்றிய கூற்று கட்டுரையில் இருந்தால் மட்டும் அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

தமிழ் மென்பொருள் என்றால் தனியாக ஒரு சோதனை வேண்டும். ஆங்கிலத் தரவில் எல்லாம் ஓடும், தமிழில் உடையும். எடுத்துக்காட்டுக்கு "கொழும்பு" என்ற சொல்லையே எடுங்கள். யுனிகோடில் "கொ" இரண்டு விதமாக வரலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம். ஒற்றைக் கொம்பும் காலும் இரண்டு குறியீடாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பைதனில் நீளம் கேட்டால் முதலாவதற்கு 8, இரண்டாவதற்கு 9 என்று வரும். தமிழ் எழுத்தாக எண்ணினாலோ 4 தான். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் கொம்பும் காலும் பிரிந்த வடிவத்தை எதிர்பாருங்கள். ஆகவே இரண்டு வடிவத்தையும் உள்ளிட்டு, தேடல் இரண்டையும் கண்டுபிடிக்கிறதா, சொல் எண்ணி இரண்டையும் ஒன்றாகக் கணக்கிடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் என்எஃப்சி இயல்பாக்கம் செய்யப்படவில்லை என்று எழுதினாலே கட்டுரையாளருக்குப் புரியும். பெரும்பாலும் ஒரு வரித் திருத்தம்.

"என் கணினியில் ஓடவில்லை" என்று மதிப்பாய்வாளர் எழுதினால்?

அதோடு விடாதீர்கள். இயங்குதளமும் பதிப்பும், மொழியின் பதிப்பு, கொமிட்டின் அடையாள எண், ஓட்டிய கட்டளை, பிழைச்செய்தி முழுவதும் எழுத்தாக. திரையைப் படமெடுத்து அனுப்பினால் பிழையின் முக்கிய வரி படத்துக்கு வெளியே நிற்கும், தேடவும் முடியாது. காரணம் பெரும்பாலும் சார்பு நூலகங்களின் பதிப்பு குறிப்பிடப்படாததுதான். எழுதியவரின் கணினியில் இரண்டு வருடத்துக்கு முந்திய பதிப்பு இருக்கும், மதிப்பாய்வாளருக்குப் புதியது இறங்கியிருக்கும். தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் புதிய இயந்திரமொன்றில் சோதனைகளை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பொதுக் களஞ்சியத்துக்கு இலவசம், வாதமும் முடிந்துவிடும்.

மாதிரிக் கோப்பு பல ஜிபி என்றால் மொபைல் டேட்டாவில் வேலை செய்யும் மதிப்பாய்வாளர் கைவிட்டுவிடுவார். 50 எம்பிக்குள் அடங்கும் சோதனைத் தரவு ஒன்றைச் சமர்ப்பிப்பின்போதே கட்டாயமாகக் கேளுங்கள்.

பெயர் மறைத்த மதிப்பாய்வு சாத்தியமா?

எழுதியவர் பெயரை மறைக்க முடியாது. கொமிட் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. மதிப்பாய்வாளர் பெயரை மறைக்கலாம், ஆனால் நிறுவல் சிக்கலில் இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வசதி போய்விடும். சிறிய வட்டத்தில் மூத்தவரின் மென்பொருளைக் குறைசொல்ல இளையவர் தயங்குவார் என்பது உண்மைதான். அதற்கு நல்ல வழி ஆம் அல்லது இல்லை பட்டியலே. "சோதனை 4 தோற்றது" என்று எழுதுவதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

கட்டுரைகள் ஏன் மாதக்கணக்கில் நிற்கின்றன?

இப்போது யாருடைய முறை என்று ஒருவருக்கும் தெரியாததால். திருத்திவிட்டேன் என்று எழுதியவர் நினைத்திருப்பார், திருத்தியதாக அறிவித்தல் வரவில்லையே என்று மதிப்பாய்வாளர் இருப்பார். ஒவ்வொரு இஷ்யூவிலும் "கட்டுரையாளர்", "மதிப்பாய்வாளர்", "பதிப்பாசிரியர்" என்ற மூன்று லேபிளில் எப்போதும் ஒன்று மட்டும் இருக்கட்டும். திங்கட்கிழமை ஒருவர், 14 நாளாக லேபிள் மாறாதவற்றைத் தேடிக் கடிதம் எழுதட்டும். முதற் சோதனைக்கு ஒரு வாரம், மதிப்பாய்வுக்கு ஆறு வாரம், திருத்தத்துக்கு நான்கு வாரம் என்பது நியாயமான கணக்கு.

ஏற்றுக்கொண்ட பின் எந்த வரிசையில் வேலை செய்வது?

வரிசை பிசகினால் திரும்பச் செய்ய வேண்டிவரும், ஆகவே இப்படி: மதிப்பாய்வில் வந்த எல்லாத் திருத்தமும் முதன்மைக் கிளையில் சேர்ந்ததா என்று பாருங்கள். நிரலைக் காப்பகத்தில் வைத்து டிஓஐ தரும் ஸெனோடோவில் அந்தக் களஞ்சியத்துக்கான ஆளியை எழுதியவர் முதலில் போட வேண்டும், பிறகுதான் கிட்ஹப்பில் புதிய வெளியீடு. ஆளி போடுமுன் செய்த வெளியீடுகளை ஸெனோடோ எடுக்காது. காப்பகப் பதிவின் தலைப்பும் பெயர்ப் பட்டியலும் கட்டுரையோடு பொருந்துகின்றனவா பாருங்கள். விட்டால் கிட்ஹப் பயனர்பெயர்களையே ஆசிரியராகப் போட்டுவிடும். ஸெனோடோவுக்கென்ற ஜேசன் கோப்பும் சைட்டேஷன் கோப்பும் இரண்டும் களஞ்சியத்தில் இருந்தால் முதலாவதை மட்டுமே அது படிக்கும். பலர் இரண்டாவதைத் திருத்திவிட்டு மாறவில்லையே என்று கேட்பார்கள். விவரங்களைப் பிறகும் திருத்தலாம், டிஓஐ மாறாது.

ஸெனோடோ இரண்டு டிஓஐ தரும். ஒன்று எல்லாப் பதிப்புக்கும் பொது, மற்றது அந்தப் பதிப்புக்கு மட்டும். மதிப்பாய்வு செய்தது ஒரு பதிப்பைத்தான், கட்டுரையில் வர வேண்டியதும் அந்தப் பதிப்பின் டிஓஐதான். சிப் கோப்பை இறக்கித் திறந்தும் பாருங்கள். களஞ்சியத்துக்குள், வேறொரு களஞ்சியத்தைச் சுட்டும் சப்மொடியூல் இருந்தால் அந்த அடைவு காலியாகவே வந்திருக்கும். எல்லாம் சரியான பிறகுதான் கிராஸ்ரெஃப்பில் பதிவு.

யார் யார் பெயர் வர வேண்டும்? பெயரை எப்படிப் பதிவது?

2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் தொண்டர்கள் சேர்ந்து உருவாக்கிய சஹானாவைப் போன்ற மென்பொருளில் பங்களித்தவர் பட்டியல் நீளும். இதழ் அதைத் தீர்மானிக்க வேண்டாம். கொமிட் பட்டியலில் முன்னணியில் உள்ள ஒருவர் கட்டுரையில் இல்லாவிட்டால் காரணம் கேளுங்கள், அவரது சம்மதத்தையும் கேளுங்கள்.

குடும்பப் பெயர் என்ற பெட்டிதான் நம்மவர்களைப் படுத்துவது. ஒருவர் தந்தையின் பெயரை அங்கே போடுவார், அடுத்த கட்டுரையில் தன் பெயரைப் போடுவார், மேற்கோள் இரண்டாகப் பிரியும். கிராஸ்ரெஃப்பில் குடும்பப் பெயர்ப் பெட்டிதான் கட்டாயம், மற்றதைக் காலியாக விடலாம். எப்படி மேற்கோள் காட்டப்பட விரும்புகிறார் என்று எழுதியவரையே கேட்டு, ஆய்வாளர் அடையாளமான ஓர்கிட் எண்ணோடு சேர்த்துப் பதியுங்கள்.

பதிப்பாசிரியர் குழுவினர் தங்கள் மென்பொருளை இங்கேயே வெளியிடலாமா?

வெளியிடலாம். அந்தச் சமர்ப்பிப்பு ஓஜேஎஸ்ஸில் எழுதியவர் கண்ணில் படாதபடி வேறு பதிப்பாசிரியரிடம் போக வேண்டும். திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலான டிஓஏஜேயில் சேர நினைத்தால் ஒரு வரம்பும் உண்டு: கடைசி இரண்டு இதழிலும் பதிப்பாசிரியர் குழுவினரோ மதிப்பாய்வாளரோ எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் 25 வீதத்தைத் தாண்டக் கூடாது. நான்கு கட்டுரை கொண்ட இதழில் ஒன்றோடு நின்றுவிட வேண்டும்.

வெளியான பின் களஞ்சியம் அழிந்துவிட்டால்?

காப்பகப் பிரதி இருப்பதால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. களஞ்சிய இணைப்பு செத்துவிட்டது என்று கட்டுரைப் பக்கத்தில் திகதியோடு குறிப்பிட்டு, காப்பக இணைப்பை மேலே கொண்டுவாருங்கள். ஏற்கும் நாளிலேயே மூல நிரல் காப்பகமான சொஃப்ட்வெயார் ஹெரிடேஜில் "இப்போதே சேமி" வசதியால் களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டால் கொமிட் வரலாறும் தங்கும். ஸெனோடோ சிப்பில் அது வராது. முடிவையே மாற்றும் பிழை ஒன்று மென்பொருளில் தெரியவந்தால் கதை வேறு: திருத்தக் குறிப்பு தனி டிஓஐயோடு வெளிவர வேண்டும், பழைய கட்டுரையிலிருந்து அதற்கு இணைப்பு போக வேண்டும், பழையதைச் சத்தமில்லாமல் மாற்றக் கூடாது.